காய்ச்சல் விட்டதும் கால் வலி, நடக்க முடியவில்லை – அவசரம்

பொருநை_அம்மா:
காய்ச்சல், சளி, இருமல் இருந்தது. காய்ச்சல் நேற்று இறங்கிவிட்டது. இன்று காலை எழுந்ததும் கால் வலி என்று ஒரே அழுகை, காலை ஊன்றவே முடியவில்லை. வீட்டில் பாரசிட்டமால் இருக்கிறது. வேறு என்ன கொடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வேல்_கோவை:
யாருக்கு? என்ன வயது? ஒரு காலா, இரண்டு காலுமா?

மழைத்துளி:
சிக்குன்குன்யாதான். எங்கள் தெருவே இப்படித்தான் படுத்தது. நிலவேம்புக் குடிநீர் கொடுங்கள்.

லேப்_செல்வம்:
சிக்குன்குன்யாவில் சளி, இருமல் பெரிதாக இருக்காது. வலியும் மூட்டில்தான், கணுக்கால், மணிக்கட்டு வீங்கும். எனக்கு எலிக்காய்ச்சல் மேல்தான் சந்தேகம். தேங்கிய மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்ததுண்டா? கண் சிவந்திருக்கிறதா? அதில் ஆடுசதையைத் தொட்டாலே கத்துவார்கள், நுரையீரலையும் பாதிக்கும்.

மூத்தவர்63:
எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. வயது, எடை, எத்தனை நாள், வலி எந்த இடத்தில் என்று எழுதாமல் கேட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது? பெரியவராக இருந்து, ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சும் வாங்கினால், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 108. குழந்தை என்றால் விஷயமே வேறு. இதெல்லாம் அடிப்படை.

பொருநை_அம்மா:
மகன், 7 வயது, 21 கிலோ. காய்ச்சல் ஆரம்பித்து நான்கு நாள். இரண்டு காலும், முட்டிக்குக் கீழே பின்பக்கம். வீக்கம் இல்லை, கண் சிவப்பு இல்லை. நுனிக்காலில் நடக்கிறான்.

நைட்_டூட்டி_நர்ஸ்:
அந்த நுனிக்கால் நடையைத்தான் கவனிக்க வேண்டும். ஃப்ளூ, அதிலும் பி வகை வந்து காய்ச்சல் தணியும் நேரத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஆடுசதையில் அழற்சி வருவதுண்டு. பையன்களுக்குத்தான் அதிகம். குதிகாலை ஊன்றினால் சதை இழுபட்டு வலிக்கும், அதனால்தான் அப்படி நடக்கிறான். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும்.

ஆனாலும் இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா. சிபிகே என்று, தசை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள், டெங்குவும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அப்போது, அல்லது மூச்சு வாங்கினால், கால் துவண்டு பலவீனம் மேலே ஏறினால், ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

வேல்_கோவை:
இபுப்ரோஃபென் கொடுக்கலாமா? என் பையனுக்கு அதுதான் கேட்டது.

நைட்_டூட்டி_நர்ஸ்:
டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். இப்போதைக்கு எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் போதும்.

மழைத்துளி:
எதற்கெடுத்தாலும் மாத்திரை, டெஸ்ட். டெங்கு சமயத்தில் அரசாங்கமே நிலவேம்பு கொடுத்ததே, மறந்துவிட்டதா?

மூத்தவர்63:
கொடுத்தது. அதற்காகப் பரிசோதனையை நிறுத்தச் சொன்னதா?

மழைத்துளி:
நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. முதலில் எழுதியதை ஒழுங்காகப் படியுங்கள்.

லேப்_செல்வம்:
இதை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே. அந்தம்மா பதிலுக்குக் காத்திருப்பார்.

பொருநை_அம்மா:
காட்டிவிட்டோம். சிபிகே 1,850. டெங்கு இல்லை. ஃப்ளூவால் வந்த தசை அழற்சி என்றார். ஓய்வு, நிறையத் தண்ணீர். எல்லோருக்கும் நன்றி.

நைட்_டூட்டி_நர்ஸ்:
நல்லது. சிறுநீர் என்ன நிறம்? சிபிகே மறுபடி எப்போது எடுக்கச் சொன்னார்?