மறு: வளைவில் மூழ்கிக் கிடக்கும் கல்வரிசைக்குப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

'பெண்ட்வே வீர்' (bendway weir) என்ற ஆற்று அமைப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் வந்த பெயர்களில் 'வளைவுத் தடுப்பணை'யை முதலில் விட்டுவிடலாம். தடுப்பணை இரு கரையையும் தொட்டு நிற்கும், பின்னால் தண்ணீர் தேங்கும். பெண்ட்வே வீர் எதையும் தடுப்பதில்லை. வெளிவளைவுக் கரையில் தொடங்கி, நீர் வரும் திசையைப் பார்த்துச் சாய்ந்தபடி ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் நீளும் தாழ்வான கல்வரிசை அது. 1990 வாக்கில் மிசிசிப்பியின் டாக்டூத் வளைவில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இதைப் போட்டபோது, சரக்குப் படகுகள் மேலேயே போகிற ஆழத்தில்தான் போட்டார்கள்.

வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் பெயர் தானாக வரும். வளைவில் வேகமான மேல்நீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்கி, கரையின் அடியைத் தோண்டும். தோண்டிய மணல் உள்வளைவில் போய்ச் சேரும். கொள்ளிடத்தில் ஒரு கரை சரியச் சரிய எதிரே திட்டு வளர்வது இப்படித்தான். கல்வரிசைமேல் ஏறும் தண்ணீரோ, அதன் நீளத்துக்குச் செங்குத்தாகவே மறுபக்கம் இறங்கும். வரிசை நீர் வரும் திசையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் அந்தச் செங்குத்துத் திசை நடு ஆற்றுக்குப் போகிறது. மாற்றிச் சாய்த்துப் போட்டால் தண்ணீர் கரையையே அறுக்கும்.

அதனால்தான் 'கற்கொரம்பு' எனக்குப் பிடித்திருந்தும் தயங்குகிறேன். டெல்டாவின் சொந்தச் சொல், நல்ல சொல். ஆனால் கொரம்பு போடுவதே தண்ணீரைக் கரைப்பக்கம் திருப்பி வாய்க்கால் தலைப்புக்குள் ஏற்றத்தான். நமக்கு வேண்டியது நேர் எதிர். வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி, 'கொரம்பு' என்ற பெயரை வைத்துக் கோணத்தை முடிவு செய்தால் கரை போய்விடும்! 'கலிங்கு' என்றால் ஏரியின் உபரிநீர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 'தூண்டில் வளைவு' கடலரிப்பைத் தடுக்கும் கற்சுவரின் பெயராகக் கடற்கரையில் ஊன்றிவிட்டது, அது தண்ணீருக்கு மேலே தெரியவும் செய்யும். அது அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை: ஒதுக்கணை. நீரைக் கரையிலிருந்து ஒதுக்குவதால் அந்தப் பெயர். தேவைப்பட்டால் 'வளைவு ஒதுக்கணை' என்று விரிக்கலாம். தேக்காததை அணை என்பதா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். கல்லணை எந்த நீரைத் தேக்கி வைக்கிறது? காவிரி நீர் கொள்ளிடத்துக்குள் விழுந்துவிடாமல் திருப்பத்தானே அது நிற்கிறது. தளர்ந்த மணலில் அடித்தளம் போடுவதை அதைப் பார்த்துக் கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே சொன்னது தனிக் கதை.

சரி, இன்னொன்று. ஒற்றை ஒதுக்கணையால் பெரிதாகப் பயனில்லை, வளைவு நெடுகப் பல போட வேண்டும். ஆகவே 'ஒதுக்கணைத் தொடர்' என்பதையும் பட்டியலில் சேர்க்கலாம். அப்புறம், வெள்ளம் பின்பக்கமாகப் புகுந்து கல்வரிசையைக் கரையிலிருந்து பிரித்துவிடாமல் இருக்க, அதன் ஒரு முனையைக் கரைக்குள் தோண்டிப் புதைப்பார்கள். அந்தப் பகுதிக்கு இப்போதைக்கு 'கரைச்செருகு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக ஆற்றுவேலைக்காரர்கள் வாயில் ஏதும் புழங்கினால் எழுதுங்கள்.