1 ஜிபிபிஎஸ் இருந்தும் ரிமோட் டெஸ்க்டாப் திக்குகிறதே?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் இணையம். சென்னை அலுவலகக் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்து டேலி கணக்கு மென்பொருளைப் பார்க்கிறேன். தட்டிய எழுத்து சில நேரம் அரை விநாடி கழித்துத்தான் விழுகிறது. 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா?

கடல்கேபிள்:
காசைக் கரியாக்காதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னை இங்கிருந்து ஏறக்குறைய 2,900 கி.மீ. போய்வரவே 30 மில்லி விநாடி ஆகிவிடும். எந்தத் திட்டம் வாங்கினாலும் அது குறையாது.

தெம்பனிஸ்மணி:
அவர் அரை விநாடி என்கிறார், நீங்கள் 30 மில்லி விநாடிக்குக் கணக்குச் சொல்கிறீர்கள். நான் இரண்டு 4கே திரையில் வரைபட வேலை பார்ப்பவன். பேண்ட்வித் (இணைப்பின் கொள்ளளவு) குறைந்தால் படம் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆனால் பார்க்க வேண்டியது சென்னையின் அப்லோடு, அதாவது அங்கிருந்து வெளியே அனுப்பும் வேகம். திரை அங்கிருந்துதானே கிளம்புகிறது?

கடல்கேபிள்:
அப்லோடு சரி, ஒத்துக்கொள்கிறேன். டேலிக்கு 4கே எதற்கு? எண்ணும் எழுத்தும்தான், 1 எம்பிபிஎஸ் கூடத் தாராளம். மைக்ரோசாஃப்ட் கிளையண்டில் எக்ஸ்பீரியன்ஸ் பக்கம் போய் குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். 56 கேபிபிஎஸ் மோடமுக்குக்கூட அங்கே இடம் உண்டு. வால்பேப்பர், மெனு அசைவு, எழுத்து மெருகு எல்லாம் நின்றுவிடும்.

தெம்பனிஸ்மணி:
எழுத்து மெருகை எடுத்துவிட்டு நாள் முழுக்க கணக்குப் பார்த்துப் பாருங்கள், கண் எரியும். மோடம் காலத்து வைத்தியம் அண்ணே இது! ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறையான ஆர்டிபி, 2012-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல், தொலைந்ததற்காகக் காத்திராத யுடிபி முறையிலும் ஓடும். அலுவலக ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு), எதையும் வரிசையாகவே தரும் டிசிபி முறைக்கான 3389 வாயிலை மட்டும் திறந்து வைத்திருந்தால், ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தாலும் பின்னால் வருவதெல்லாம் காத்துக் கிடக்கும். அந்த அரை விநாடி அங்கேதான் பிறக்கிறது.

கடல்கேபிள்:
சரி, பாக்கெட் எங்கே தொலைகிறது? முதலில் வீட்டு ரௌட்டரைப் பிங் செய்து, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
செய்தேன். 3 மில்லி விநாடியிலிருந்து 190 வரை ஆடுகிறது, இடையிடையே பதிலே இல்லை. ரௌட்டர் வீட்டிலுள்ள பாம் ஷெல்ட்டருக்குள் (குண்டுப் பாதுகாப்பு அறை) இருக்கிறது, இரும்புக் கதவு எப்போதும் மூடியே இருக்கும்.

கடல்கேபிள்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! குண்டுக்குக் கட்டிய கான்கிரீட் சுவர், வைஃபை எப்படி வெளியே வரும்?

தெம்பனிஸ்மணி:
கேபிள் போடுங்கள். யுடிபியையும் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள், நான் விடமாட்டேன்.

ஈசூன்வாசி:
சிம் லிம் மின்னணுக் கடைத்தொகுதியில் 20 மீட்டர் கேபிள் வாங்கிவிடுவேன். ஆனால் கேபிளை விட்டால் ஷெல்ட்டர் கதவு மூடாதே? சுவரைத் துளைத்து இழுக்கவும் விதி இடம் தராது.

கடல்கேபிள்:
ஃபைபர் முனை வாசல் பக்கம் இருந்தால் ரௌட்டரையே வெளியே எடுத்து வையுங்கள். செருப்பு அலமாரி மேல் போதும்.