பாங்காக்கில் முதல் நாள்: அம்மா அப்பாவோடு எங்கே தொடங்கலாம்?

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போகிறேன். மூன்று பேருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. கொச்சியில் ராத்திரி விமானம், விடியற்காலையில் சுவர்ணபூமியில் இறங்குகிறோம். ஹோட்டலில் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்களாம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் என்ன செய்வது? யூடியூபில் பார்த்தால் ஒரே நாளில் மிதக்கும் சந்தை, அரண்மனை, சஃபாரி, ராத்திரிக் கடைவீதி என்று ஓடுகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறமாட்டாள். அப்பா வேட்டிக்காரர். சோறும் மீனும் கிடைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் குறையில்லை. காலையில் சாயா கிடைக்காவிட்டால் மட்டும் அம்மா பக்கத்தில் போக முடியாது. பேசாமல் டாக்சி பிடித்து ஊரைச் சுற்றிவிடலாமா?

பார்வதிபுரம் பாலம்:
முதலில் டிஜிட்டல் வருகை அட்டை. 2025 மே முதல் எல்லா வெளிநாட்டவருக்கும் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்திலேயே நிரப்பலாம், இலவசம்தான். கூகுளில் தேடினால் காசு கேட்கிற தளங்களும் வரும், அந்தப் பக்கமே போகாதீர்கள். டாக்சி வேண்டாம். காலையில் அந்த ஊர் சாலையில் மாட்டினால் மாட்டியதுதான்.

குளச்சல் கடலோடி:
தம்பி, கப்பல் வேலையில் அந்தப் பக்கம் பலமுறை போனவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். முதல் நாளை சாவ் பிரயா ஆற்றுக்குக் கொடுத்துவிடு. மற்றதெல்லாம் மறுநாள்.

விமான நிலைய ரயிலில் பாயா தாய் வரை வந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் சியாம், அங்கே வண்டி மாறி சபான் தக்சின். முடிந்தால் ஹோட்டலை அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே போடு. அறை தராவிட்டாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நிலையத்துக்குக் கீழேயே சாதோர்ன் படகுத்துறை. அங்கே சுற்றுலாப் படகு டிக்கெட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். நீ ஆரஞ்சுக் கொடி கட்டிய படகைக் கேள். நான் கடைசியாகப் போனபோது எந்தத் துறையில் இறங்கினாலும் 16 பாட்தான்.

விவேகானந்தர் பாறைப் படகு மாதிரி எல்லாரும் உட்காரும் வரை காத்திருக்கும் என்று நினைக்காதே. பின்பக்கம் கயிற்றோடு ஒரு பையன் நிற்பான். ஓட்டுகிறவர் இருப்பது முன்னால், படகின் பின்பக்கம் துறையை எப்போது தொடுகிறது என்று அவருக்குத் தெரியாது. பையன் ஊதுகிற விசிலை வைத்துத்தான் ஒதுக்குவார். ஒட்டியதும் ஆட்கள் மளமளவென்று இறங்கி ஏறுவார்கள், அடுத்த விசிலில் படகு கிளம்பிவிடும். அதனால் அம்மாவை முன்கூட்டியே எழுப்பிக் கையைப் பிடித்துக்கொள். டிக்கெட் கொடுக்கிற அக்கா நீளமான தகரக் குழலைச் சடக் சடக்கென்று தட்டிக்கொண்டே வருவார். சில்லறை, டிக்கெட் சுருள் எல்லாம் அதற்குள்தான். எத்தனை துறைமுகம் பார்த்தாலும் எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ நடக்கிற தூரம், 'வாட்' என்றால் கோயில். அங்கே படுத்த புத்தர் சிலை 46 மீட்டர் நீளம். முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் கால்மாட்டுக்குப் போங்கள், உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலக் குறிகள் இருக்கும். முதுகுப் பக்கம் வரிசையாக வெண்கலப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்கலாம். அம்மாவுக்கு முக்கியமானது அதே வளாகத்தில் உள்ள மசாஜ் மண்டபம். தாய் மசாஜுக்குப் பேர்போன இடமே அதுதான். முழங்காலில் வலி என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் அழுத்திவிடுவார்கள். வாட் அருண் எதிர்க்கரை. குறுக்கே போகிற சின்னப் படகு உண்டு, ஆனால் கோபுரத்தின் படி செங்குத்து. அம்மா கீழே உட்காரட்டும்.

சாப்பாட்டுக்கு வாங் லாங் துறை, சிரிராஜ் மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தை. அவர்கள் பாஷையில் 'பிளா' என்றால் மீன், 'குங்' இறால், 'மூ' பன்றி. தாய்லாந்தில் மீனுக்கு மேல் உப்பை அப்பி, வாய்க்குள் எலுமிச்சைப்புல்லைச் செருகிக் கரியில் சுடுவார்கள், அதைத் தேடிப் பார். தோலை உரித்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று வெந்திருக்கும். பெரும்பாலும் திலேப்பியாவோ விராலோதான். குளச்சல்காரன் வாயால் ஆற்றுமீனைப் புகழக் கூடாதுதான், ஆனாலும் நன்றாயிருக்கும். சாயா விஷயத்தில் நம்பிக்கை வைக்காதே. அவர்கள் டீ ஆரஞ்சு நிறம், கன்டென்ஸ்டு மில்க் ஊற்றியது. டீ பேக் கொண்டு போ, செவன் இலெவன் கடைகளில் சுடுதண்ணீர் கிடைக்கும்.

வடசேரி வாத்தியார்:
கடலோடி சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்ப்பேன். அரண்மனையை மறுநாள் என்று தள்ளினால் காலை 8.30க்குத் திறக்கும்போதே நின்றுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் அம்மாவுக்கு ஆகாது. அரண்மனை வளாகத்திலேயே உள்ள மரகத புத்தர் கோயிலைச் சுற்றிய மண்டபச் சுவரில் அவர்கள் ராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது, 178 காட்சிகள். சுசீந்திரத்தில் வெண்ணெய் சாத்திக் கும்பிட்ட நமக்கு அந்த அனுமன் பெரிய அதிர்ச்சி. ராவணனின் மகளான கடற்கன்னியைக் காதலித்துப் பிள்ளையும் பெறுகிறார்! அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாசலில் யாராவது வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, குறைந்த காசுக்கு டுக் டுக்கில் வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் சிரித்துவிட்டு நடங்கள். அந்த வண்டி ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோதான் போய் நிற்கும்.

நேரமிருந்தால் வாட் சுதாத் முன்னால் சிவப்பு நிறப் பெரிய ஊஞ்சல். 1935க்குப் பிறகு ஆடுவதில்லை, தூண்கள்தான் நிற்கின்றன. பக்கத்தில் தேவஸ்தானம் என்கிற இந்துக் கோயிலில் அரண்மனைப் பிராமணர்கள் நம்முடைய மார்கழியை ஒட்டி திருவெம்பாவைப் பாட்டை இன்னும் ஓதுகிறார்கள்.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி. ஆற்றுப் பக்கமே அறை பார்த்துவிட்டேன். அப்பா ராவணன் மகள் கதையைக் கேட்டுவிட்டு அரண்மனையை முதலில் பார்க்கணும் என்கிறார். வேட்டியோடு விடுவார்களா?

குளச்சல் கடலோடி:
அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டைக்குத்தான் கண்டிப்பு. ஆனால் அந்தப் படகில் வேட்டியோடு ஏறி இறங்க வேண்டாம், ஒரு பேன்ட் தைக்கக் கொடு. அக்டோபருக்குள் போகிறீர்கள் என்றால் சாயங்காலம் மழை பிடிக்கும், குடையைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வை.