எண்டோகார்டைட்டிஸ் அறுவையில் நிற்காத கசிவு: ரோட்டெம் வரைபடமே போதுமா?

தலைமாடு (மயக்கவியல்)
எண்டோகார்டைட்டிஸில் (இதய உட்சவ்வுத் தொற்று) தொற்று பிடித்த வால்வை மாற்றி, பம்ப்பை (இதய-நுரையீரல் இயந்திரம்) விட்டு இறக்கி, ஹெப்பாரினை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) முறிக்கும் புரோட்டமினும் முழுதாகக் கொடுத்தாயிற்று. பெரிகார்டியம் (இதய உறை) முழுக்க ரத்தம் கசிகிறது. இந்தக் கட்டத்தில் பிடி, ஏபிடிடி (லேப்பில் செய்யும் உறைதல் நேர டெஸ்ட்டுகள்) அனுப்பிவிட்டு முக்கால் மணி நேரம் கைகட்டி நிற்பது தவறு என்பது என் வாதம். தாமதம் ஒரு பக்கம். எண்டோகார்டைட்டிஸில் அந்த இரண்டு டெஸ்ட்டுமே பொய் சொல்லக்கூடியவை என்பது இன்னொரு பக்கம்.

சிஆர்பி (அழற்சியில் கூடும் புரதம்) மிக உயர்ந்திருந்தால், சில ஏபிடிடி ரியேஜன்ட்டுகளில் உள்ள பாஸ்போலிப்பிடில் அது ஒட்டிக்கொண்டு நேரத்தை நீட்டிக் காட்டும். டாப்டோமைசின் (ஆன்டிபயாட்டிக்) ஓடிக்கொண்டிருந்தால், சில திராம்போபிளாஸ்டின் ரியேஜன்ட்டுகளில் ஐஎன்ஆர் (பிடியின் விகிதக் கணக்கு) பொய்யாக ஏறும். ரத்தத்தின் உறையும் திறன் அப்படியேதான் இருக்கும், குறைந்ததாகக் காட்டுவது ரிப்போர்ட் மட்டுமே. அதை நம்பி நாலு பை எஃப்எஃப்பி (குளிரூட்டிச் சேமித்த பிளாஸ்மா) ஏற்றினால், களைத்துப்போன வலது வென்ட்ரிக்கிள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் திரவத்தைத் தாங்க வேண்டும். ரோட்டெம்முக்கு (ரத்தம் உறைவதைப் படுக்கையருகிலேயே வரைபடமாகக் காட்டும் கருவி) ஒரு கப்புக்கு 300 மைக்ரோலிட்டர் முழு ரத்தம் போதும். முடிவெடுக்கத் தேவையான ஏ5 மதிப்பு (உறையத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் ரத்தக்கட்டியின் உறுதி) பத்து நிமிடத்துக்குள் கைக்கு வந்துவிடும்.

குருதிவங்கி_மேசை
லேப்பில் நடக்கும் பொய்களைச் சரியாகச் சொன்னீர்கள் டாக்டர். கப்பில் நடப்பதையும் சொல்ல வேண்டும். நோயாளி 34.5 டிகிரியில் கிடப்பார், கப் 37 டிகிரியில் இருக்கும். குளிரால் வரும் கசிவு வரைபடத்தில் தெரியவே தெரியாது. ரியேஜன்ட்டோடு கால்சியமும் சேர்வதால், நோயாளியின் அயனிக் கால்சியம் 0.8 ஆக இருந்தாலும் கோடு அழகாக வரும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் பாதிப்பும் தெரியாது. அங்கே உருவாகும் த்ராம்பின் (உறைதலை முடுக்கும் நொதி) வெள்ளத்தில் மந்தமான பிளேட்லெட்டும் விழித்துக்கொள்ளும். கிழிந்த வால்வின் வழியே பீறிடும் ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணியின் (பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் புரதம்) பெரிய மூலக்கூறுகள் சிதைந்துபோயிருந்தால் அதையும் இந்தக் கருவி காட்டாது.

ஆதாரத்துக்கு வருவோம். 2016 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் 17 சோதனைகள், 1,493 பேர். ரத்தப்பொருள் செலவு குறைகிறது என்றார்கள், ஆனால் ஆதாரத்தின் தரம் தாழ்வு என்றும் அவர்களே எழுதினார்கள்.

தலைமாடு
அதே 2016இல் கனடாவின் ஒன்டாரியோவில் 12 மருத்துவமனைகள், 7,402 நோயாளிகள் கொண்ட ஆய்வும் வந்ததே சார். படுக்கையருகு டெஸ்ட்டை வைத்து வழிமுறை வகுத்ததும் சிவப்பணு, பிளேட்லெட் செலவும் பெரிய ரத்தப்போக்கும் குறைந்தன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014லேயே இதய அறுவைக்கு ரோட்டெம், அதைப் போன்ற டெக் இரண்டையும் பரிந்துரைத்துவிட்டது.

குளிரும் கால்சியமும் கருவியின் குறை இல்லை. கப்பில் ரத்தம் ஊற்றும் முன்பே பார்க்க வேண்டியவை அவை: உடல் வெப்பம் 36க்கு மேல், பிஹெச் 7.3க்கு மேல், அயனிக் கால்சியம் 1.1க்கு மேல். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் வரைபடத்தைப் படிப்பவர் எந்த டெஸ்ட்டைப் படித்தாலும் தப்பாகத்தான் படிப்பார்.

குருதிவங்கி_மேசை
2016 கனடா ஆய்வு பம்ப்பில் ஏறிய எல்லா இதய அறுவைக்கும் பொதுவானது. அதில் இறப்பு குறையவில்லை. தொற்று நோயாளியின் ரத்தம் வேறு ரகம், என் ஆட்சேபமே அதில்தான் இருக்கிறது.

கடும் தொற்றில் ஃபைப்ரினோஜன் (ரத்தக்கட்டியின் இழையாக மாறும் புரதம்) எகிறியிருக்கும். லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் இருக்க வேண்டியது 6, 7 என்று நிற்கும். பிளேட்லெட்டோ நோயாலும், வான்கோமைசின், லினிசோலிட் போன்ற மருந்தாலும் சரிந்திருக்கும். ரோட்டெம்மின் எக்ஸ்டெம் கப்பில் வரும் உயரம் (ரத்தக்கட்டியின் உறுதி) இரண்டும் சேர்ந்த கணக்கு. ஃபைப்ரினோஜன் மிகுதி பிளேட்லெட் குறைவை மூடி மறைத்துவிடும். உயரம் நார்மல் என்று இயந்திரம் சொல்லும், எண்ணிக்கை 60,000 ஆக இருக்கும். எக்ஸ்டெம்மிலிருந்து ஃபிப்டெம்மை (பிளேட்லெட்டை முடக்கி ஃபைப்ரினோஜனை மட்டும் காட்டும் கப்) கழித்துப் பார்க்காதவர் இதில் கட்டாயம் ஏமாறுவார்.

பம்ப்_ஓட்டி (பெர்ஃபியூஷனிஸ்ட்)
இருவரும் புரோட்டமினுக்குப் பிறகிருந்து பேசுகிறீர்கள். கோளாறு அதற்கு மூன்று மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது.

கிலோவுக்கு 300–400 யூனிட் ஹெப்பாரின் போட்டால் ஏசிடி (ஹெப்பாரின் வேலையைக் காட்டும் உறைதல் நேரம்) 480 வினாடியைத் தாண்ட வேண்டும். எண்டோகார்டைட்டிஸில் 500 யூனிட் போட்டும் 390இல் நிற்பதுண்டு. ஹெப்பாரின் வேலை செய்யத் தேவையான ஆன்டித்ராம்பினைத் தொற்று தின்றுவிட்டிருக்கும். போதாததற்கு அழற்சிப் புரதங்கள் ஹெப்பாரினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், எட்டாம் உறைதல் காரணியும் கூடியிருக்கும். ஆன்டித்ராம்பின் இல்லாத இடத்தில் மேலும் மேலும் ஹெப்பாரின் ஊற்றிப் பயனில்லை. அந்த மிகுதி பிறகு ஐசியூவில் திரும்பி வந்து கசியவைக்கும். ஆன்டித்ராம்பின் செறிவு மருந்து கையில் இருந்தால் 500–1,000 யூனிட், இல்லையென்றால் எஃப்எஃப்பி இரண்டு பை, அப்புறம் மறுபடி ஏசிடி.

இதைவிட ஆபத்தானது பம்ப் ஓடும்போது ஏசிடி 600 காட்டி நிம்மதி தருவது. ரத்தம் நீர்த்தாலும், குளிர்ந்தாலும், பிளேட்லெட் குறைந்தாலும் ஏசிடி தானாக நீளும். ஹெப்பாரின் உண்மையில் குறைந்திருக்கும், உள்ளே த்ராம்பின் உருவாகிக் காரணிகளைச் செலவழித்துக்கொண்டிருக்கும். கடைசியில் நீங்கள் ரோட்டெம்மில் பார்ப்பது அந்தச் செலவுக் கணக்கைத்தான். ஹெப்பாரின் அளவை நேரடியாகப் பார்க்கும் வசதி, ஆன்ட்டி-எக்ஸ்ஏ ஆனாலும் சரி, புரோட்டமின் டைட்ரேஷன் ஆனாலும் சரி, இந்த நோயாளிகளுக்குத்தான் முதலில் வேண்டும்.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் கோயாகுலேஸ், புரோத்ராம்பினோடு சேர்ந்து ஃபைப்ரினை உண்டாக்கும். அந்தக் கூட்டை ஹெப்பாரினும் ஆன்டித்ராம்பினும் அடக்காது.

தையல்நூல் (அறுவை சிகிச்சை)
எனக்கு ரோட்டெம் பிடித்த காரணம் வேறு. வரைபடம் நன்றாக இருந்தும் ரத்தம் வந்தால், ஒழுகுவது என் தையல் என்று தெரிந்துவிடும். அயோர்டிக் ரூட் சீழ்க்கட்டியைச் சுரண்டி பேட்ச் வைத்த இடத்தில் திசு ஈரக் காகிதம் மாதிரி இருக்கும், ஊசித் துளையே கிழியும். அங்கே பிளேட்லெட் கொட்டுவது நேர விரயம்.

பிசிசி (உறைதல் காரணிகளின் செறிவு மருந்து) விஷயத்தில் மட்டும் கை நடுங்குகிறது. ஆன்டித்ராம்பின் வற்றிப்போன ஒருவருக்குக் காரணிகளை மொத்தமாக ஏற்றினால், புதிதாக வைத்த வால்வில் கட்டி உறையாதா?

தலைமாடு
நியாயமான பயம். 2025இல் வந்த ஃபேர்ஸ்-2 சோதனையில் இதய அறுவைக் கசிவுக்கு எஃப்எஃப்பியைவிட பிசிசி நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் தொற்று நோயாளிக்கு நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன்.

வரிசை இப்படி. முதலில் இன்டெம்மும், அதே டெஸ்ட்டை ஹெப்பாரினை முறித்துப் பார்க்கும் ஹெப்டெம்மும். இன்டெம் சிடி (உறையத் தொடங்கும் நேரம்) 240 வினாடிக்கு மேல் போய், இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.25ஐத் தாண்டினால் ஹெப்பாரின் மிச்சமிருக்கிறது, புரோட்டமின் 25–50 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து நீண்டால் புரோட்டமின் வேண்டாம். மிகுதியான புரோட்டமினே உறைதலைக் கெடுக்கும், பதற்றத்தில் இன்னொரு 50 போடுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அடுத்து ஃபிப்டெம் ஏ10 (பத்தாம் நிமிட உயரம், மில்லிமீட்டரில்). கசிவோடு 8க்குக் கீழே இருந்தால் ஃபைப்ரினோஜன். ஏற வேண்டிய மில்லிமீட்டரை எடையால் பெருக்கி 160ஆல் வகுத்தால் கிராம் கணக்கு வரும். 64 கிலோ ஆளுக்கு 6இலிருந்து 12க்கு ஏற்ற 2.4 கிராம். கிரையோவில் (பிளாஸ்மாவிலிருந்து பிரித்த, ஃபைப்ரினோஜன் மிகுந்த பொருள்) என்றால் பைக்குக் குறைந்தது 150 மில்லிகிராம் என்ற கணக்கில் 16 பை. அதன் பிறகு பிளேட்லெட். இவையெல்லாம் சரியாகியும் எக்ஸ்டெம் சிடி 90 வினாடியைத் தாண்டினால்தான் பிசிசியைப் பற்றி யோசிப்பேன்.

குருதிவங்கி_மேசை
8 என்ற எல்லையை இங்கே அப்படியே ஏற்க மாட்டேன். அறுவைக்கு முன் 28 இருந்தவர் பம்ப்பிலிருந்து இறங்கும்போது 10 என்றால், மூன்றில் இரண்டு பங்கு போவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. மயக்கம் கொடுக்கும் முன் ஒரு அடிப்படை வரைபடம் எடுக்காவிட்டால் இந்தச் சரிவு யாருக்கும் தெரியாது. கையோடு பிளேட்லெட் எண்ணிக்கையும் கிளாஸ் ஃபைப்ரினோஜனும் (ஃபைப்ரினோஜனை அளக்கும் லேப் டெஸ்ட்) உடல் சூடேற்றத் தொடங்கும்போதே அனுப்புங்கள். புரோட்டமின் முடிவதற்குள் ரிப்போர்ட் வந்துவிடும், உங்கள் முக்கால் மணி நேர வாதமும் அடிபடும்.

தலைமாடு
அடிப்படை வரைபடம், ஒப்புக்கொள்கிறேன். பிளேட்லெட் எண்ணிக்கையும் சரி, ஹெப்பாரின் அதைப் பாதிக்காது. ஆனால் பம்ப் ஓடும்போது கிளாஸ் வேண்டாம் சார். அவ்வளவு ஹெப்பாரினில் அது குறைத்துக் காட்டலாம். ஃபிப்டெம் ரியேஜன்ட்டில் மில்லிலிட்டருக்கு 5 யூனிட் வரை ஹெப்பாரினை முறிக்கும் பொருள் உள்ளது. சூடேற்றும்போதே அதை ஓட்டிவிடலாம்.

பம்ப்_ஓட்டி
ஓட்டும்போது சிட்ரேட் குழாயைக் கோடு வரை நிரப்புங்கள். அரைக்குழாய் ரத்தத்தில் சிட்ரேட் மிகுந்து சிடி நீளும், அதை நோய் என்று எண்ணி எஃப்எஃப்பி கேட்பார்கள்.