பூச்சிப் படம்: மயிர் மழுங்காமல் எடிட் செய்வது எப்படி?

வணக்கம். கடலூரில் கெடிலம் ஆற்றங்கரையோர எருக்கஞ்செடிகளில் இரண்டு மாதமாகப் பூச்சிகளைப் படமெடுத்துப் பழகுகிறேன். நேற்று வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு ஒன்று இலை விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. லென்ஸ் துளையை (அபர்ச்சர்) எஃப் 11-க்குச் சுருக்கி வைத்தும், தலை தெளிவாக விழுந்தால் முதுகின் மஞ்சள் புள்ளிகள் மங்கிவிடுகின்றன. இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் படமே மொத்தமாகக் கூர்மை இழக்கிறது.

அப்புறம் எடிட்டிங். எருக்கம்பூவில் உட்கார்ந்த கருவண்டை ரா (RAW) ஃபார்மட்டில் எடுத்து, இருண்ட நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன், நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) கிளம்பியது. அதைக் குறைத்ததும் கால் மயிரெல்லாம் வழித்துவிட்டதுபோல் மழுங்கிப்போனது. அந்த மயிரில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தைக் காட்டத்தானே இவ்வளவு கிட்டே போகிறோம்!

பின்னணிக்கு மட்டும் நாய்ஸ் குறைத்து, பூச்சியை அப்படியே விட வழி உண்டா? கடற்காற்றில் செடி ஆடும்போது, ஃபோகஸ் ஸ்டாக்கிங்கை (ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதை) கேமராவைக் கையில் பிடித்தே செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? செயலி எதுவானாலும் சரி, படிப்படியாகச் சொல்லுங்கள்.