கீழவீதிக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

கார்த்தி (நியூஜெர்சி): அவசரம். வெள்ளிக்கிழமை ஆதி பள்ளியில் வரலாற்று மனிதர் வேடம், 2 நிமிடப் பேச்சு. அமெரிக்க விமானி லிண்ட்பர்க்தான் வேண்டும் என்று அடம். விமானிக் குல்லாவுக்கு எங்கே போவது?

மீனா சித்தி: குரங்குக் குல்லா + நீச்சல் கண்ணாடி. முடிந்தது 😄

ராமு பெரியப்பா: பேச்சுக்குக் குறித்துக்கொள். 1927 மே 20, நியூயார்க்கில் தனியாளாகக் கிளம்பினார். நடுவில் இறங்காமல் முப்பத்து மூன்றரை மணி நேரம், 5,800 கி.மீ., பாரிஸ். விமானியின் முன்னால் பெட்ரோல் டேங்க். அதனால் முன்பக்கக் கண்ணாடியே கிடையாது. பெரும்பாலும் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கனம் குறைய ரேடியோ, பாராசூட் இரண்டும் வேண்டாமென்று விட்டார். சாப்பாடு 5 சாண்ட்விச். மீதி அடுத்த செய்தியில்.

சாந்தி அத்தை: அண்ணா மதுரைக்குப் போகவே 2 டப்பா புளியோதரை 😂

மீனா சித்தி: இவர் குழந்தையைத்தானே கடத்தினார்கள்?

கார்த்தி: ஆமாம் சித்தி, 1932. அந்த வீடு இங்கே ஹோப்வெல் பக்கம்தான்.

வித்யா: ஹிட்லர் அரசு 1938இல் பதக்கம் கொடுத்த ஆள். கொடுத்தது ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோயரிங். 1941 செப்டம்பரில் அமெரிக்காவின் டெ மோய்ன் நகரில் நடந்த கூட்டத்தில், அமெரிக்காவைப் போரில் தள்ளுகிறவர்கள் என்று யூதர்களையும் சேர்த்துச் சொன்னார். ஆதி வகுப்பில் யூதப் பிள்ளைகள் இல்லையா?

கார்த்தி: மூன்று பேர் 😬

ராமு பெரியப்பா: வித்யா, அவர் 1944இல் பசிபிக்கில் ஜப்பானுக்கு எதிராக 50 முறை போர் விமானம் ஓட்டினார், ராணுவத்தில் இல்லாமலேயே. பெட்ரோலை மிச்சம் பிடித்து அதிக தூரம் பறக்க விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

வித்யா: சரி பெரியப்பா. பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாரா?

சாந்தி அத்தை: திருப்பிக் கொடுக்காதது என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மாவின் இட்லிக் கொப்பரை இப்போது யார் வீட்டில்?

மீனா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சாந்தி அத்தை: படித்துவிட்டேன் மீனா.

வித்யா: பேசாமல் பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட்?

கார்த்தி: பெயர் கொடுத்தாகிவிட்டது. ஆதியிடம் பதக்கத்தைச் சொன்னேன். "அதையும் பேசுகிறேன், ஆனால் பறந்ததற்கே ஒன்றரை நிமிடம் வேண்டும்" என்கிறான்.

வித்யா: முப்பது வினாடியில் டெ மோய்னா??

ராமு பெரியப்பா: 🎤 4:12

கார்த்தி: ஆபீஸில் இருக்கிறேன், ராத்திரி கேட்கிறேன். டீச்சரிடமும் ஒரு வார்த்தை கேட்கிறேன். குல்லா யாராவது அனுப்புகிறீர்களா?

மீனா சித்தி: கொப்பரை என்னிடம் இல்லை.