பைட்டர் மீனின் நிறம் மாறிக்கொண்டே போகுது, நோயா இயல்பா?

காலிவீதி27 (வெள்ளவத்தை)

வணக்கம். ஆண் பைட்டர் ஒன்று, வாங்கி இரண்டரை மாசம். கோய் வகை என்று சொல்லித் தந்தது. வெள்ளை உடம்பு, தலையிலும் முதுகிலும் செம்மஞ்சள், அங்கங்கே கறுப்புப் புள்ளி. இப்ப முதுகிலிருந்து கருநீலம் படர்ந்து கிழமைக்குக் கிழமை கூடுது. செம்மஞ்சள் பாதிக்கு மேல் போய்விட்டது.

இரவில் லைட்டைப் போட்டால் வெளிறிப்போய் இலையில் சரிந்து படுத்திருக்கும், கால் மணித்தியாலத்தில் பழையபடி ஆகிவிடும். அடிக்கடி மேலே வந்து காற்று எடுக்குது. மூலையில் நுரை கட்டியிருக்கு. வால் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, அது வந்து 5 நாள்தான்.

தொட்டி 10 லீட்டர் கண்ணாடி, பில்டர் இல்லை, பைப் தண்ணி. ஞாயிறு தோறும் முழுத் தண்ணியையும் மாற்றுறேன். காலையில் 5 பெல்லட், பின்னேரம் 5. பக்கத்துப் போத்தலில் ஒரு பெண் மீன். அதன் உடம்பில் தலையிலிருந்து வால் வரை இரண்டு கருங்கோடு ஓடுது.

கடையில் மெத்திலின் புளூ என்ற நீல மருந்தைப் போடச் சொல்றாங்க. போடலாமா?

---

தொட்டிக்காரர் (கொட்டாஞ்சேனை)

மருந்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் தம்பி. முதலில் ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு நேரத்தில் நடந்தது என்று பிரித்துப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கு.

நிமிஷக் கணக்கில் மாறுவது மனநிலையும் வெளிச்சமும். தோலில் இருக்கிற கறுப்பு நிறமிக் கலங்கள் தங்கள் நிறமியை நடுவில் சுருக்கவும் முழுக்கப் பரப்பவும் வல்லவை. இருட்டில், நித்திரையில் சுருங்கும், மீன் வெளிறும். செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும்போது பரவும், மீன் கறுக்கும். நீங்கள் இரவில் பார்ப்பது நித்திரை கொள்ளும் மீன். இலையில் சரிந்து படுப்பதும் அதன் பழக்கம்தான். திடீரென்று லைட்டைப் போட்டு எழுப்பாதீர்கள். பகலில் 8 முதல் 10 மணித்தியாலம் வெளிச்சம் காணும், மிச்ச நேரம் இருட்டு வேணும்.

கிழமை, மாசக் கணக்கில் மாறுவது பிறப்பு. கோய் என்பது, திட்டுத் திட்டாக நிறம் கொண்ட மார்பிள் வகையில் ஒன்று. அந்த வகையில் இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபணுத் துண்டு இருக்கு. நிறமிக்குரிய மரபணுவுக்குள் அது புகுந்தால் அந்தக் கலங்களில் நிறம் நின்றுவிடும், விலகினால் திரும்பி வரும். இது கலத்துக்குக் கலம் தனித்தனியாக நடப்பதால்தான் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல் மாறுது. உங்கள் மீன் முழுக் கருநீலமாகவே போகலாம், பாதியில் நிற்கவும் செய்யலாம். இதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை.

நாள் கணக்கில், அதுவும் ஒரே இடத்தில் வருவதைத்தான் கவனிக்க வேணும். உங்கள் பட்டியலில் அப்படி இருப்பது வால் ஓரக் கறுப்புக் கோடு மட்டும். மார்பிள் நிறம் என்றால் ஓரம் வழுவழுப்பாக இருக்கும், செட்டையின் நீளம் குறையாது. அழுகல் என்றால் ஓரம் கிழிந்து, நாளுக்கு நாள் உள்ளே தின்றுகொண்டு வரும், கறுப்போடு சிவப்பும் சேரும். அமோனியா சுட்டாலும் ஓரம் கறுக்கும். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மூன்று நாள் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

இரவில் ஒரு டோர்ச் வேலையும் செய்யுங்கள். அறை லைட்டை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டோர்ச் அடித்து உடம்பைப் பாருங்கள். பொன்தூள் தூவின மாதிரி மினுங்கினால் அது வெல்வெட் ஒட்டுண்ணி. சாதாரண வெளிச்சத்தில் அது தப்பிவிடும், 'நிறம் மாறுது' என்றே பல பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உப்புக்கல் மாதிரித் தனித்தனி வெள்ளைப் புள்ளி என்றால் அது வேறு, வெண்புள்ளி நோய்.

மேலே வந்து காற்று எடுப்பது பற்றிக் கவலை வேண்டாம். வயல், சதுப்பு என்று ஒட்சிசன் குறைந்த தேங்கின தண்ணியில் வாழ்ந்த தாய்லாந்து மீன் இது. செவுளுக்கு மேலே காற்றிலிருந்து ஒட்சிசன் எடுக்க ஒரு தனி உறுப்பு இருக்கு. அதனால் தண்ணி மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் 3 சென்டிமீற்றராவது இடம் விடுங்கள். மேலேயே நின்று செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தால் மட்டும்தான் பிரச்சினை.

பெண் மீனின் நீளக் கோடு பயக் கோடு. ஆண் மீன் பக்கத்திலிருந்து செவுள் விரித்துக் காட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் வேறென்ன வரும்? இரண்டுக்கும் நடுவில் ஒரு மட்டை வையுங்கள். கோடு ஒன்றிரண்டு நாளில் மங்க வேணும். மேலிருந்து கீழாகக் குறுக்குக் கோடு வந்து, வயிற்றுக்குக் கீழே வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால் கதை வேறு, அது இனப்பெருக்கத்துக்கு ஆயத்தம்.

---

நீலவால் (தெஹிவளை)

தொட்டிக்காரர் அண்ணா சொன்னது சரி. நான் தண்ணி விஷயத்துக்கு மட்டும் வாறன், ஏனென்றால் கறுப்புக் கோட்டுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பில்டர் இல்லாத 10 லீட்டரில் ஒரு நாளைக்கு 10 பெல்லட் போட்டால் மீன் கழிவிலிருந்தும் மிச்சச் சாப்பாட்டிலிருந்தும் வரும் அமோனியா ஞாயிறிலிருந்து சனி வரை ஏறிக்கொண்டே போகும். பிறகு முழுத் தண்ணியையும் மாற்றினால் சூடு, பிஎச் (தண்ணியின் அமில, காரத்தன்மை அளவு) எல்லாம் ஒரே அடியில் மாறும். ஆறு நாள் மெல்ல மெல்ல நஞ்சு, ஏழாம் நாள் அதிர்ச்சி. தண்ணி சுத்தமாகத் தெரிவதால் இது கண்ணில் படாது.

ஒரு திரவ டெஸ்ட் கிட் வாங்கி அமோனியா, அது மாறி வரும் நைட்ரைட், பிஎச் மூன்றையும் சனிக்கிழமை இரவு பாருங்கள். ஞாயிறு மாற்றின கையோடு பார்த்தால் எல்லாம் நல்லதாகத்தான் காட்டும்.

---

மீன்வாளி (மட்டக்குளி)

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. ஹீட்டர் வைத்து 32 பாகைக்கு ஏற்றி, ஒரு பிடி உப்புப் போடுங்கள். எந்த நோயும் நிற்காது. நுரை கட்டுதென்றால் மீன் சந்தோஷமாகத்தான் இருக்கு.

---

நீலவால் (தெஹிவளை)

மீன்வாளி, கோபிக்க வேண்டாம், அந்த வைத்தியம் எல்லாவற்றுக்கும் சரிவராது. வெண்புள்ளி நோயில் சூடு உதவும். ஒட்டுண்ணியின் சுற்று வேகமாகி, மருந்து படக்கூடிய நீந்தும் பருவத்துக்குச் சீக்கிரம் வரும். ஆனால் முதுகில் சேணம் வைத்த மாதிரிச் சாம்பல் வெள்ளைப் படலம் வந்தால் அது கொலம்னாரிஸ் பக்டீரியா. சூடு கூடக் கூட அதன் வேகமும் கூடும். 32 பாகையில் ஒன்றிரண்டு நாளிலேயே மீன் போய்விடும். கொழும்பில் தண்ணி சாதாரணமாகவே 28, 29 பாகை நிற்குது. இங்கே ஹீட்டர் தேவைப்படுவது ஏசி அறையில் வைப்பவர்களுக்குத்தான்.

'ஒரு பிடி' என்பதும் அளவில்லை. நுரைக்கூடு என்பது, ஆண் மீன் வளர்ந்துவிட்டது, தண்ணி அசையாமல் இளஞ்சூடாக இருக்கு என்பதைக் காட்டும், அவ்வளவுதான். அழுக்குத் தண்ணியில் நின்றுகொண்டும் கூடு கட்டும்.

---

காலிவீதி27 (வெள்ளவத்தை)

நன்றி அண்ணா, நீலவால். சனி இரவு பார்த்த கணக்கு: அமோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரைட் 0, பிஎச் 7.4, சூடு 29 பாகை. டோர்ச்சில் பொன்தூள் எதுவும் இல்லை. கறுப்புக் கோடு முழுக்க வழுவழுப்பு, ஆனால் ஒரு இடத்தில் 2 மில்லிமீற்றர் அளவுக்குப் பிய்ந்திருக்கு. சாப்பிடுது, கண்ணாடி காட்டினால் செவுள் விரிக்குது. கொட்டம்பா (நாட்டு வாதுமை) இலை போட்டால் நல்லதென்று ஒரு நண்பர் சொன்னார், அதுவும் சரியா?

---

நீலவால் (தெஹிவளை)

அப்ப காரணம் கிடைத்துவிட்டது. அமோனியா 0 தான் இருக்க வேணும். உங்கள் பிஎச்சில், 29 பாகையில், அந்த 1 பிபிஎம்மில் சுமார் 2 வீதம்தான் உண்மையில் நஞ்சான வடிவம். அதனால்தான் மீன் இன்னும் சாப்பிடுது. இதே அளவு அமோனியா பிஎச் 8 உள்ள தண்ணியில் இருந்தால் 7 வீதம் நஞ்சாக இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணி மாதிரிக் காரத்தன்மை கூடின தண்ணியில் வளர்ப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேணும்.

இன்று 5 லீட்டர் மாற்றுங்கள், நாளைக்கும் 5. கணக்குப்படி 1 பிபிஎம் அரையாகி, பிறகு கால் ஆகும். அதன்பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் 3 லீட்டர், கீழே சொல்லும் பில்டர் பழகும் வரை. ஞாயிறு முழு மாற்றத்தை விட்டுவிடுங்கள். மத்தியானம் மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் தண்ணி நல்ல சூடாக இருக்கும், அதை நேரே ஊற்றக் கூடாது. முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் குளோரினும் போகும், சூடும் அறையோடு சமனாகும். அவசரமென்றால் அன்டி குளோரின் போடுங்கள், அளவு போத்தலில் இருக்கு. வாளியைக் கிழமைக் கணக்கில் மறந்துவிடாதீர்கள்: நுளம்புக் குடம்பி மீனுக்கு நல்ல சாப்பாடுதான், ஆனால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்துக்கும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கும் அந்தச் சமாதானம் செல்லாது.

காற்றுப் பம்பில் ஓடும் சின்ன ஸ்பொஞ்ச் பில்டர் ஒன்று வையுங்கள். வால்வைத் திருகிக் காற்றைக் குறையுங்கள், நீளச் செட்டை மீனுக்கு ஓட்டம் ஆகாது. பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போன நேரம் குழாய் வழியாகத் தண்ணி பம்புக்குள் இறங்கும். அமோனியாவை மாற்றும் நல்ல பக்டீரியா ஸ்பொஞ்சில் பிடிக்க 4 முதல் 6 கிழமை ஆகும், அதற்கு நடுவில் நைட்ரைட் ஏறும், பயப்படாமல் தண்ணி மாற்றுங்கள். ஸ்பொஞ்சைப் பைப்பில் கழுவக் கூடாது, குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியில் பிழிந்தால் போதும். மெத்திலின் புளூவை வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான், அதுவும் அந்தப் பக்டீரியாவைக் கெடுக்கும். கண்ணாடி இணைத்த சிலிக்கனும் நீலமாகும்.

பெல்லட் 1 மில்லிமீற்றர் அளவென்றால் காலையில் 3, பின்னேரம் 3. கிழமையில் ஒரு நாள் பட்டினி.

---

தொட்டிக்காரர் (கொட்டாஞ்சேனை)

அந்தப் பிய்ந்த இடம்: ஒரே இரவில், அரைவட்டமாகக் கடித்தெடுத்த மாதிரி இருந்தால் தன் வாலைத் தானே கடித்திருக்கு. கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் மீன் இப்படிச் செய்யும். பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள், முகம் பார்க்கும் கண்ணாடி காட்டுவதை ஒரு நாளைக்கு 5 நிமிஷத்தோடு நிறுத்துங்கள். மாறாக, மெல்ல மெல்ல நீண்டுகொண்டு ஓரம் மங்கலாக இருந்தால் அழுகல் தொடக்கம். அப்பவும் முதல் மருந்து நல்ல தண்ணிதான்.

அதற்கு மேலும் உள்ளே போனால் கல்லுப்பு, லீட்டருக்கு 1 கிராம். உங்கள் தொட்டிக்கு 10 கிராம், இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. தனியாகக் கரைத்து, பாதியை இப்பவும் மீதியை 12 மணித்தியாலம் கழித்தும் ஊற்றுங்கள். எல்லாரும் பிழை விடும் இடம் இதுதான்: தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 3 லீட்டர் மாற்றினால் 3 கிராம் மட்டும் திரும்பப் போட வேணும், ஆவியான அளவுக்குத் தண்ணி நிரப்பும்போது ஒன்றுமே போடக் கூடாது. 10 நாளுக்கு மேல் வேண்டாம்.

கொட்டம்பா இலை போடலாம். தானாக விழுந்த, நன்றாகக் காய்ந்த மண்ணிற இலை வேணும். பச்சை கூடாது, காலி வீதி ஓரத்து மரத்து இலையும் கூடாது, வாகனப் புகை முழுக்க அதில்தான். கழுவி, 10 லீட்டருக்கு உள்ளங்கை அளவுத் துண்டு, மூன்று கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் பைப்பில் வரும் களனி ஆற்றுத் தண்ணி மென்தண்ணி, பிஎச்சைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் அதில் குறைவு. இலையை அள்ளிப் போட்டால் பிஎச் சடாரென்று இறங்கும். இன்னொன்று, தண்ணி தேத்தண்ணி நிறமானதும் மீனும் கறுத்ததாகத் தெரியும். அதை நிறமாற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

---

காலிவீதி27 (வெள்ளவத்தை)

5 லீட்டர் மாற்றியாச்சு. மட்டை வைத்த அடுத்த நாளே பெண் மீனின் கோடு பாதி மறைந்துவிட்டது. கடைசியாக ஒன்று, செம்மஞ்சள் திரும்பி வருமா?

---

தொட்டிக்காரர் (கொட்டாஞ்சேனை)

வரலாம், வராமலும் போகலாம், எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறம் கூட்டும் பெல்லட் இருக்கிற சிவப்பு மஞ்சளை ஆழமாக்கும், போனதைக் கொண்டு வராது. நிறம் மாறாத மீன் வேணுமென்றால் அடுத்த தடவை மார்பிள், கோய், கலக்ஸி மூன்றையும் விட்டுவிட்டு ஒற்றை நிறத்தில் எடுங்கள். டிராகன் செதில் வகையை வாங்கும்போது கண்ணை நன்றாகப் பாருங்கள். தடித்த வெள்ளைச் செதில் கண்ணின் மேலேயே வளர்ந்து பார்வையை மறைத்துவிடும். அதற்கும் மருந்தில்லை, சாப்பாட்டை ஒரே இடத்தில், மூக்குக்கு முன்னால் போட்டுப் பழக்க வேண்டியதுதான்.